இரண்டாவது கிளப்

உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப் எது என்று கேட்டால், விநாடி வினா ரசிகர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள்: ஷெஃபீல்ட் எஃப்.சி., 1857 அக்டோபர் 24. ஃபிஃபாவும் ஏற்றுக்கொண்ட விடை இது. தன் நூற்றாண்டு ஆண்டான 2004இல் ஃபிஃபா இரண்டு கிளப்களுக்கு ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கொடுத்துக் கௌரவித்தது. ஒன்று ரியல் மாட்ரிட். மற்றொன்று, இங்கிலாந்தின் கீழ்நிலை லீக் ஒன்றில் சிறு கூட்டத்தின் முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஷெஃபீல்ட்.

விடையில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் முதல் கிளப்புக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதியை இரண்டாவது கிளப்புக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கட்சி. அந்த இரண்டாவது கிளப்பின் பெயர் ஹாலம். அதன் பெயரைச் சொன்னால், கால்பந்தில் ஊறியவர்களே கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

கிளப் என்ற ஏற்பாடு வருவதற்கு வெகு காலம் முன்பே பந்து உருண்டுகொண்டிருந்தது. இங்கிலாந்தில் தவக்காலத்துக்கு முந்தைய நாட்களில் ஊரே இரண்டாகப் பிரிந்து பந்துக்கு அடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. டெர்பிஷயரின் ஆஷ்போர்னில் இன்றும் அது நடக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள் ஓர் அணி, அந்தப் பக்கம் பிறந்தவர்கள் மற்றோர் அணி. இரண்டு கோல்களுக்கும் இடையே மூன்று மைல் தூரம். அது திருவிழா. முடிந்தவுடன் அணிகளும் கலைந்துவிடும். அடுத்த ஆண்டுவரை யாரும் யாருக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை, கூட்டம் போட வேண்டியதில்லை, கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

மறுபுறம் பணக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் இருந்தன. ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டர், சார்ட்டர்ஹவுஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்டம். ரக்பி பள்ளி 1845இல் தன் விதிகளை எழுதி வைத்தது. ஈட்டன் இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதியது. 1848இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எல்லாவற்றையும் கலந்து பொது விதிகள் உருவாக்கப் பார்த்தார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்த இளைஞனுக்கு ஆடும் ஆசை மிச்சமிருந்தது. ஆனால் அவன் பழகிய ஆட்டத்தை ஆட அவன் பள்ளிக்காரன்தான் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை தேடியவர் ஷெஃபீல்ட்காரர் இல்லை. எடின்பரோவில் சட்டம் பயின்றுகொண்டிருந்த ஜான் ஹோப் என்ற 17 வயதுப் பையன். 1824இல் அவர் தொடங்கிய கிளப்பின் பெயரே 'ஃபுட்-பால் கிளப்'. ஊர்ப் பெயர் முன்னொட்டுகூடத் தேவைப்படவில்லை. குழப்பிக்கொள்ள வேறொன்று இருந்தால்தானே. ஹோப் எதையும் தூக்கிப்போடாதவர். உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, பந்துக்குள் வைக்கும் விலங்குச் சிறுநீர்ப்பைகளுக்கும் தோல் உறைக்கும் ஆன செலவு, திடலுக்குக் கொடுத்த வாடகை என்று எழுதி வைத்தவை இன்று ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உள்ளூர் விளையாட்டுக் கழகம் ஒன்றில் பொருளாளர் என்ற பெயரில் சில காலம் சந்தாவுக்கு அலைந்தவன் நான். அதனால் இந்த ஹோப் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. பிற்காலத்தில் அவர் மது ஒழிப்புப் பிரசாரகராகவும், கத்தோலிக்கர்களைக் கண்டாலே ஆகாதவராகவும் மாறினார் என்று படித்தபோது அந்தப் பாசம் கொஞ்சம் குறைந்தது. கணக்கை ஒழுங்காக எழுதுகிறவர்கள் எல்லாரும் விசால மனத்தர்களாக இருக்க வேண்டுமா என்ன.

அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். கையும் காலும் சேர்ந்த தள்ளுமுள்ளு. முழங்காலுக்குக் கீழே உதை வாங்காமல் யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். என்றாலும் கிளப் என்றால் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதற்கு இருந்தது: பெயர், உறுப்பினர், பணம், திடல், கணக்கு. பதினேழு ஆண்டுகள் நடந்து, 1841இல் நின்றுபோனது.

ஏன் நின்றது? உறுப்பினர்களுக்கு வயதாயிற்று, வேலை வந்தது, குடும்பம் வந்தது என்று காரணங்களை அடுக்கலாம். என் ஊகம் வேறு. அந்தக் கிளப்பைத் தோற்கடிக்க ஊரில் யாரும் இல்லை. தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடி, தங்களுக்குள்ளேயே ஜெயித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு காலத்துக்கு ஒருவன் சனிக்கிழமை மதியத்தைக் கொடுப்பான்?

ஷெஃபீல்டுக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம்.

1850களின் ஷெஃபீல்ட் எஃகும் கத்தியும் செய்யும் ஊர். புதிய எஃகு உருக்கும் முறையைக் கண்டுபிடித்த பெஸ்ஸமர் தன் ஆலையை அங்கே நிறுவியது 1858இல். புகையும் உலையுமாக இருந்த அந்த ஊரின் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கோடையில் கிரிக்கெட் ஆடினார்கள். குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடித்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஷெஃபீல்ட் எஃப்.சி.யைத் தொடங்கிய இருவரில் நத்தானியல் கிரெஸ்விக் வழக்கறிஞர், வில்லியம் பிரெஸ்ட் ஒயின் வியாபாரி, இருவரும் கிரிக்கெட்காரர்கள். நடக்கப் போனபோது பேசிக்கொண்டதில் யோசனை பிறந்தது என்று சொல்லும் கதையும் உண்டு. கிளப்பின் முதல் தலைமையகம் ஈஸ்ட் பேங்க் ரோட்டில் இருந்த ஒரு வீட்டின் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை. பக்கத்து வயல்தான் ஆடுகளம். வீடு, முதல் தலைவர் ஃபிரெடெரிக் வார்டின் அப்பாவுடையது. அப்பா கொட்டகையைக் கொடுத்தார், பிள்ளை தலைவரானார். விளையாட்டுக் கழகங்கள் உருவாகும் முறை அன்றைக்கும் இதுதான்.

எதிரணி இல்லாததால் அவர்களும் தங்களுக்குள்தான் ஆடினார்கள். கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். வக்கீல், டாக்டர் போன்ற தொழில் செய்கிறவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். பெயரின் முதல் எழுத்து அகரவரிசையின் முன்பாதியில் வருகிறவர்கள், பின்பாதியில் வருகிறவர்கள். பிரிப்பதற்கு இதற்கு மேல் வழி கிடைக்காமல் திண்டாடியிருப்பார்கள். இப்படி மூன்று ஆண்டுகள்.

இந்தக் காலத்தில் அவர்கள் செய்த உருப்படியான வேலை எழுதியதுதான். பள்ளிகளின் விதிகளை வரவழைத்துப் படித்து, வேண்டாததைக் கழித்து, 1858 அக்டோபரில் பதினோரு விதிகளை வகுத்தார்கள். அவற்றைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். காலை இடறிவிடுவதும் முழங்காலுக்குக் கீழ் உதைப்பதும் எந்த நிலையிலும் கூடாது. ஆனால் கையால் தள்ளலாம். பந்தைக் கையால் தட்டலாம், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தரையில் படாத பந்தைப் பிடித்தால் ஃப்ரீ கிக் உண்டு. அந்த ஃப்ரீ கிக்கில் நேராகக் கோல் அடிக்க முடியாது. ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. அதனால் எதிரணியின் கோல் வாயிலிலேயே போய் நிரந்தரமாக நின்றுகொள்ள ஆள் வைத்தார்கள். அவர்களைக் கவனிக்க அந்தப் பக்கத்திலும் ஆள் நின்றார்கள். கடைசி விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒவ்வோர் ஆட்டக்காரரும் சிவப்பிலும் கருநீலத்திலும் ஃபிளானல் தொப்பி சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு பக்கம் ஒரு நிறம். இன்று உன் பக்கம், நாளை அவன் பக்கம் என்று மாறிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் இரண்டு நிறமும் தேவைப்படும். தனக்கென்று ஒரு நிறம் வைத்துக்கொள்ளும் நிலையில் அந்தக் கிளப் அன்று இல்லை. நிறம் வேண்டுமென்றால் எதிரே வேறொருவன் நிற்க வேண்டும்.

அந்த வேறொருவன் 1860இல் வந்தான். நகரத்தின் மேற்கு விளிம்பில், மேட்டு நிலத்தில் இருந்த ஹாலம் கிராமத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சாண்டிகேட் ரோட்டில் தங்கள் கால்பந்து கிளப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சாண்டிகேட்டில் ஷெஃபீல்டும் ஹாலமும் மோதின. இரண்டு கால்பந்து கிளப்கள் மோதிய முதல் ஆட்டம் என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. தரையெல்லாம் பனி; ஷெஃபீல்ட் சிவப்பும் வெள்ளையும், ஹாலம் நீலம். வெண்பனியின் மீது சீருடைகளின் நிறம் கண்ணுக்கு விருந்தாக இருந்ததாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஷெஃபீல்ட் 2-0 என்று வென்றது.

மூன்று ஆண்டு உள்வீட்டு ஆட்டத்தில் நடக்காதது இதற்குப் பிறகு நடந்தது. 1862க்குள் ஷெஃபீல்ட் சுற்றுவட்டாரத்தில் பதினைந்து அளவில் கிளப்கள் முளைத்துவிட்டன. முதல் கிளப்பைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாவது கிளப்பைப் பார்த்தவர்கள் நாமும் தொடங்கலாமே என்று நினைத்தார்கள். ஷெஃபீல்ட் கிளப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் காலீஜியட் பள்ளியில் படித்த ஆலை முதலாளிகளின் பிள்ளைகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். அவர்கள் தொடங்கியது அவர்களுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றியிருக்கும். மலைமேட்டுக் கிராமத்துக்காரன் தொடங்கியபோது அந்தத் தயக்கம் போய்விட்டது.

பகை என்ற சரக்கும் கூடவே வந்தது. 1862 டிசம்பர் 29 அன்று பிரமால் லேனில் இதே இரண்டு அணிகளும் மோதின. 1855இல் கிரிக்கெட்டுக்காகத் திறந்த மைதானம் அது. அங்கே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் இதுதான். காரணமும் நல்ல காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, லங்காஷயரின் நெசவாலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டத்தான் ஆட்டம். மூன்று மணி நேரம் ஆடியும் கோல் விழவில்லை. நடுவில் பந்து கிரெஸ்விக்கிடம் இருந்தபோது, ஹாலமின் வாட்டர்ஃபால் ஓடி வந்து அவரைப் பல முறை அடித்திருக்கிறார். பிறகு தன் வேஸ்ட்கோட்டையும் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நின்றிருக்கிறார். கிரெஸ்விக் ஓர் அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை என்று பத்திரிகை மெச்சியது. பார்வையாளர்கள் களத்துக்குள் புகுந்தார்கள். கடைசியில் வாட்டர்ஃபாலுக்குக் கிடைத்த தண்டனை: போய் கோல் காக்க வேண்டும்! கோல்கீப்பர் நண்பர்கள் மன்னிக்க.

பத்திரிகைச் செய்தியை எழுதியவர் ஷெஃபீல்ட் பக்கத்து மனிதராகத்தான் இருந்திருப்பார் என்பது என் சந்தேகம். முதலில் கை நீட்டியது யார் என்று ஹாலம்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு கதை வந்திருக்கும். எப்படியிருந்தாலும், கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடுவே ஆட்டம் நடந்தபோது யாரும் வேஸ்ட்கோட்டைக் கழற்றியதாகத் தெரியவில்லை.

லண்டன் கதை எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகச் சொல்கிறேன். பார்ன்ஸ் கிளப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் எபெனேசர் காப் மார்லியின் முயற்சியில் 1863 அக்டோபர் 26 அன்று ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் கூட்டம் கூடியது. கால்பந்து சங்கம் பிறந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் காலை உதைக்கலாமா என்று ஆறு கூட்டங்கள். உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் வீரமே போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்தே உங்களைத் தோற்கடித்துவிடுவேன் என்று பிளாக்ஹீத் கிளப்பின் காம்ப்பெல் மிரட்டினார். உதை போனது, பிளாக்ஹீத்தும் போனது. வாதம் உச்சத்தில் இருந்தபோது ஷெஃபீல்டிலிருந்து செயலாளர் செஸ்டர்மேனின் கடிதம் வந்து சேர்ந்தது. சங்கத்தில் சேர்கிறோம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் விவாதிக்கும் அந்த இரண்டு விதிகளும் கால்பந்துக்கு நேர் எதிரானவை, மல்யுத்தம் போலத்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். வடக்கத்திக்காரர்களுக்குத் தெளிவு அதிகம்.

பாடப்புத்தகங்கள் விட்டுவிடும் பகுதி அடுத்து வருவது. விதிகளை எழுதிய லண்டன் சங்கம் சில ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறியது. 1867இல் நடந்த கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிநிதிகளே வந்தார்கள். சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்றே பேச்சு எழுந்தது. அதே 1867இல் ஷெஃபீல்ட் என்ன செய்துகொண்டிருந்தது? நாடகக் கொட்டகை முதலாளி தாமஸ் யூடன் ஒரு வெள்ளிக் கோப்பை அறிவித்தார். நார்ஃபோக், மெக்கானிக்ஸ், ஹீலி, கேரிக் என்று பன்னிரண்டு உள்ளூர் கிளப்கள் போட்டியிட்டன. மார்ச் 5 அன்று பிரமால் லேனில் இறுதியாட்டத்தைப் பார்க்க 3,000 பேர் காசு கொடுத்து வந்தார்கள். லண்டன் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியது அதற்கு நாலு ஆண்டு கழித்து. 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவலில் நடந்த அதன் முதல் இறுதியாட்டத்துக்கு வந்த கூட்டம் 2,000 அளவுதான். யூடன் கோப்பையை வென்றது யார்? ஹாலம். மூத்த கிளப்பான ஷெஃபீல்ட் அந்தப் பன்னிரண்டில் இல்லவே இல்லை.

அந்த ஆண்டே ஷெஃபீல்டுக்குத் தனிக் கால்பந்து சங்கம் வந்தது. செப்டம்பர் 4 அன்று அடெல்ஃபி ஹோட்டலில் கூடிய இன்னொரு கிரிக்கெட் கூட்டம், குளிர்காலத்தில் உறுப்பினர்கள் சிதறிப்போகாமல் இருக்கக் கால்பந்து தொடங்குவதென்று முடிவெடுத்தது. புதன்கிழமை அரை நாள் விடுமுறையில் கிரிக்கெட் ஆடிய அவர்கள்தான் தி வென்ஸ்டே. இன்றைய ஷெஃபீல்ட் வென்ஸ்டே. ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது குரூசிபிள் தியேட்டர் நிற்கிறது. உலக ஸ்னூக்கர் போட்டி நடக்கும் அரங்கம் என்பதால், கால்பந்து ரசிகர்களைவிட ஸ்னூக்கர் ரசிகர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

லண்டனுக்கும் ஷெஃபீல்டுக்கும் விதிகளில் ஒத்துப்போகவில்லை. 1866 மார்ச்சில் பாட்டர்ஸி பூங்காவில் லண்டன் அணி ஷெஃபீல்டை லண்டன் விதிகளின்படி வென்றது. தலையால் பந்தை முட்டிய ஷெஃபீல்ட்காரர்களைப் பார்த்து லண்டன்காரர்கள் சிரித்ததாகச் சொல்வார்கள். சிரித்தார்களோ இல்லையோ, கார்னர் கிக் ஷெஃபீல்டில் முதலில் வந்து, 1872இல் லண்டன் விதிகளுக்குள் நுழைந்தது. 1877இல் இரு தரப்பும் ஒரே விதிப் புத்தகத்துக்கு வந்தன. ஷெஃபீல்டின் பேரம் எடுபட்டதற்குக் காரணம் விதிகளின் அழகு என்று நான் நினைக்கவில்லை. வாராவாரம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த கிளப்கள் அத்தனை அவர்கள் பின்னால் இருந்தன.

கிளாஸ்கோவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1867 ஜூலையில் தொடங்கிய குவீன்ஸ் பார்க் கிளப், வெளியே எதிரணி கிடைக்காமல் ஓர் ஆண்டுக்கு மேல் தனக்குள்ளேயே ஆடியது. 1868இல்தான் திசில் என்ற அணியோடு ஆட்டம் அமைந்தது. அதற்காக அவர்கள் எழுதிய கடிதம் கிளப்பின் பதிவில் இருக்கிறது. பக்கத்துக்கு இருபது பேர் வைத்துக்கொள்ளலாம், எங்கள் பந்து பழுதாகிவிட்டால் ஆட்டம் தடைப்படக் கூடாது, ஆகவே உங்கள் பந்தையும் எடுத்து வாருங்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். சவால் விடும் கடிதத்திலேயே பந்து இரவல்! சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் ஆட்டத்தையே வடிவமைத்த கிளப் அது.

பிற்பாடு வந்த கிளப்களுக்கு இந்தத் தனிமை இருக்கவில்லை. 1870களிலும் 80களிலும் தேவாலயம், ஞாயிற்றுப் பள்ளி, ரயில்வே பணிமனை, ஆயுதத் தொழிற்சாலை என்று எங்கெல்லாம் ஆட்கள் கூட்டமாக இருந்தார்களோ அங்கெல்லாம் கிளப் முளைத்தது. ஆஸ்டன் வில்லா ஒரு வெஸ்லியன் சபையின் கிரிக்கெட் அணியிலிருந்தும், மான்செஸ்டர் யுனைடெட் நியூட்டன் ஹீத் ரயில்வே ஊழியர்களிடமிருந்தும், ஆர்சனல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்தும் வந்தவை. சட்டம் சனிக்கிழமை மதியத்துக்குப் பின் ஆலைகளை மூடச் சொன்னது. ரயில் அணிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது. தொடங்கிய மறுவாரமே மோதுவதற்குப் பக்கத்துத் தெருவில் ஒருவன் தயாராக இருந்தான்.

1885இல் சம்பளத்துக்கு ஆடுவதைச் சங்கம் அனுமதித்தபோது ஷெஃபீல்ட் எஃப்.சி. அந்தப் பக்கம் போகவில்லை. கனவான்களின் கிளப்பாகவே இருந்தது, பின்தங்கியது. சம்பளம் வாங்காதவர்களுக்குத் தனிக் கோப்பை வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பலனாக வந்த அமெச்சூர் கோப்பையை 1904இல் வென்றார்கள். அவர்களுடைய பெரிய வெற்றி அதுதான். 2011 ஜூலையில், பணத்தேவைக்காக, கையெழுத்தில் இருந்த அந்த விதிகளையும் பழைய கூட்டக் குறிப்புகளையும் ஸதபீஸ் ஏலத்தில் விற்றார்கள். 8,81,250 பவுண்டுக்குப் போனது. விற்றது சரியா என்று அங்கே சிலர் வருந்தியிருக்கலாம். எனக்கு வருத்தமில்லை. சந்தாவுக்கு அலைந்த பொருளாளர்கள் யாரும் இந்தத் தொகையைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஷெஃபீல்ட் எஃப்.சி. பல திடல்கள் மாறி, 2001 முதல் நகர எல்லைக்கு வெளியே டிரான்ஃபீல்டில் ஆடத் தொடங்கியது. ஹாலம் சாண்டிகேட்டைவிட்டு நகரவில்லை. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. யூடன் கோப்பை நெடுங்காலம் காணாமல் போயிருந்து, 1997இல் ஹாலமிடமே திரும்பி வந்தது. என்றைக்காவது அந்த ஊருக்குப் போக வாய்த்தால் நான் முதலில் பஸ் பிடிப்பது சாண்டிகேட்டுக்குத்தான். அங்கே ஆடுகளம் ஒரு பக்கமாக நன்றாகச் சரிந்திருக்கும். முதல் பாதியில் எந்தப் பக்கம் ஆடுவது என்பதே அங்கே பாதி ஆட்டம் என்கிறார்கள்.